அரசு விண்ணப்பத் தளங்களை எழுதுகிறவர்களுக்கு, குடியாத்தத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அரசுச் சேவைகளுக்கும் கல்லூரி விண்ணப்பங்களுக்கும் தளம் எழுதுகிற இன்ஜினியர்களுக்கும், அந்த வேலைக்கு டெண்டர் தயாரிக்கிற அதிகாரிகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் எங்கள் மாவட்டத்துக் காட்பாடியிலேயே படித்தவர்களாக இருக்கலாம். நான் குடியாத்தத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து சிஸ்டமும் லேப்டாப்பும் என்னிடம் வரும், பெரும்பாலும் பழசு. கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே குறைதான்: "நெட் ஓப்பன் ஆக மாட்டேங்குது, ஃபார்ம் போட முடியல."

பழைய கம்ப்யூட்டரில் இன்றைய பிரவுசரை ஓட வைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு வழி இருக்கிறது, தினமும் செய்கிறோம். ஆனால் அந்த பிரவுசரில் உங்கள் பக்கம் திறக்க வேண்டுமே, அது எங்கள் கையில் இல்லை. அதை மட்டும் கேட்கத்தான் இந்த மடல்.

எவ்வளவு பழசு என்று கேட்பீர்கள். 2011-ல் நம் மாநிலத்தில் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது, நினைவிருக்கும். அந்த முதல் சில வருடத்து லேப்டாப்புகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 2 ஜிபி ராம், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க். அன்று பிளஸ் டூ படித்த பெண் இன்று தன் பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்துக்காக அதே லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வருகிறார். பேட்டரி செத்துப்போயிருக்கும், சார்ஜரில் போட்டால் ஓடும், கீபோர்டில் நாலைந்து எழுத்து அழிந்திருக்கும், மற்றபடி நல்ல மெஷின். அதற்கும் முந்தியவை எக்ஸ்பி போட்ட பென்டியம் 4 சிஸ்டங்கள். சின்னக் கடைகளில், டைப்பிங் சென்டர்களில், தீப்பெட்டிக் கம்பெனி கணக்குப்பிள்ளை மேஜையில் இன்னமும் இருக்கின்றன.

இந்த மெஷின்களை பிரவுசர் கம்பெனிகள் எப்போது கைவிட்டன என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். எக்ஸ்பிக்கு குரோம் 49 கடைசி, அது 2016. ஃபயர்பாக்ஸ் 52 ஈஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு தரும் பதிப்பு) 2018 வரை தாக்குப்பிடித்தது. விண்டோஸ் 7-க்கு 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-தான் கடைசி. ஃபயர்பாக்ஸ் அதற்கு 115 ஈஎஸ்ஆரை வைத்துக்கொண்டு கெடுவை ஒருமுறைக்கு மேல் நீட்டித்தது, அந்த நல்ல மனதுக்கு நன்றி. சில சிஸ்டத்தில் ஓஎஸ்ஸை மாற்றினாலும் சிபியு ஒத்துழைக்காது. குரோம் 89-லிருந்து எஸ்எஸ்இ3 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத சிபியுவில் பிரவுசர் திறக்கவே திறக்காது, பென்டியம் 4-லேயே 2004-ல் வந்த பிரெஸ்காட் வகைக்கு முந்தியதில் அது கிடையாது.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? முதலில் மதர்போர்டில் இருக்கிற சிஆர் 2032 பட்டன் செல்லை மாற்றுவோம். பலருக்கு இது தெரியாது. அந்த செல் தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், உங்கள் தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் "இன்னும் தொடங்கவில்லை" என்று பிரவுசர் நினைத்துக்கொண்டு எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும். சிஸ்டமே போச்சு என்று எண்ணி எடைக்குப் போட இருந்தவர்கள் உண்டு. தேதி சரியாக இருந்தும் சான்றிதழ் தகராறு வந்தால், அது மூலச் சான்றிதழ் பட்டியல், அதாவது யார் கொடுத்த சான்றிதழை நம்பலாம் என்று மெஷின் வைத்திருக்கும் பட்டியல், பழசாகிவிட்டதால். 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது எத்தனையோ பழைய மெஷின்களுக்கு ஒரே நாளில் பாதி இணையம் பூட்டிக்கொண்டது. ஃபயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வருவதால் அதைப் போட்டுக் கொடுத்து ஒப்பேற்றினோம்.

அப்புறம் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச ஓஎஸ். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டும்தான் வந்தது, ஆனால் அதற்குக் கீழே இருக்கிற சிபியு பல லேப்டாப்பில் 64 பிட். அது தெரிந்துவிட்டால் பாதிக் கவலை விட்டது. இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டு, இன்றைய ஃபயர்பாக்ஸைப் போட்டு, ராமில் கொள்ளாததை அங்கேயே சுருக்கி வைக்க இசட்ராமை ஆன் பண்ணி, விளம்பரத்தைத் தடுக்க யூபிளாக் ஆரிஜின் போட்டுக் கொடுத்தால் 2 ஜிபி மெஷினில் இன்றைய பிரவுசர் ஓடுகிறது. கையில் கொஞ்சம் காசு இருந்தால் வேலூர் சாரதி மாளிகைக் கடைகள் பக்கம் தேடிப் பழைய டிடிஆர்3 ராம் ஒன்று வாங்கிச் சேர்ப்போம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவோம். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே 32 பிட் சிபியு என்றால்தான் இப்போது நெருக்கடி. டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே இல்லை, ஃபயர்பாக்ஸும் 2025 நவம்பரில் 145-லிருந்து 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. அதில் டில்லோ, நெட்சர்ஃப் போன்ற சின்ன பிரவுசர்கள் பறக்கும், ஆனால் டில்லோவுக்குப் பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தெரியாது, நெட்சர்ஃபுக்கும் கொஞ்சம்தான்.

நல்ல சிஸ்டம் ஒன்றில் குரோமை ஓட விட்டு, அது வரைகிற பக்கத்தைப் படமாக்கிப் பழைய சிஸ்டத்துக்கு அனுப்புகிற புரோக்ஸிகளும் இருக்கின்றன. பிரவுசர்வைஸ் அப்படி ஒன்று, விண்டோஸ் 98-ல்கூட இன்றைய தளத்தைப் பார்க்கலாம். பொழுதுபோக்குக்கு அருமை. ஆனால் ஒருவருடைய ஆதார் எண்ணும் பாஸ்வேர்டும் ஓடிபியும் இன்னொருவர் சிஸ்டம் வழியாகப் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதனால் அதை யாருக்கும் போட்டுத் தருவதில்லை.

இத்தனையும் செய்து, புது பிரவுசர் திறந்து, எல்லாம் சரியாக நிற்கும்போது உங்கள் விண்ணப்பத் தளம் வருகிறது. எந்தத் தளம் என்று பெயர் சொல்லப்போவதில்லை, ஒன்றிரண்டு மட்டும் இப்படி இருந்தால் மடல் எழுதவே தேவையில்லை. முகப்பில் நாலு பெரிய படம் மாறி மாறி ஓடுகிறது. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மாவட்டம் கேட்கிற ஒரு பக்கத்துக்கு மெகாபைட் கணக்கில் ஜாவாஸ்கிரிப்ட் இறங்குகிறது. இறங்கியதைப் பிரித்துப் படித்து ஓட்டுவதற்குள் பழைய சிபியு நூறு சதவீதத்தில் நிற்கிறது. மாவட்டம் வேலூர் என்று தேர்ந்தெடுத்தால் தாலுகா பட்டியல் வர ஒரு சுழல் சுற்றுகிறது, அது வருவதற்குள் செஷன் முடிந்துவிட்டது என்று மறுபடி முதல் பக்கத்துக்குத் தள்ளுகிறது. ஓடிபி போனுக்கு வந்துவிடும், அதைப் போடுகிற கட்டம் திரையில் வருவதற்குள் அதற்கும் நேரம் போய்விடும். இது மெஷினின் குற்றமா? அதே மெஷினில் ஒரு விக்கிப்பீடியா கட்டுரை சிரமமில்லாமல் திறக்கிறது.

பிரவுசரும் ராம் தின்னத்தான் செய்கிறது, அதை மறைக்கவில்லை. 2018-ல் சிபியுக்களில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரிந்த பிறகு குரோம் 67-லிருந்து ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் வைத்து ஓட்ட ஆரம்பித்தார்கள், அதற்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் ராம் ஆகும் என்று கூகுளே சொன்னது. பாதுகாப்புக்காகச் செய்தது, ஏற்றுக்கொள்ளலாம். நாலு படம் ஓடுவதற்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா?

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சரிசெய்ய உங்களுக்கு அதிக வேலை இல்லை. பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல்லும் அதன் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸும் தனக்குத் தெரியாத வரி வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். சிஎஸ்எஸ் கிரிட் தெரியாத பிரவுசரில் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், அவ்வளவுதான், படிக்கலாம், நிரப்பலாம். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி இல்லை. 2020-ல் குரோம் 80-ல் வந்த '?.' என்ற குறி ஒரே ஒரு இடத்தில் இருந்தால் போதும், அதற்கு முந்திய பிரவுசர் அந்த ஃபைலையே முழுசாக ஒதுக்கிவிடும். உங்கள் பக்கம் முழுவதையும் ஜாவாஸ்கிரிப்ட்தான் வரைகிறது என்றால் எதிரே வெறும் வெள்ளைத் திரை. குரோம் 109-க்கும் இதே கதி வேறு வடிவத்தில் வருகிறது: பிராமிஸ்.வித்ரிசால்வர்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி குரோம் 119-லும் ஃபயர்பாக்ஸ் 121-லும்தான் வந்தது, பிடிஎஃப் காட்டுகிற புதிய லைப்ரரி அதைக் கூப்பிடுகிறது, விண்டோஸ் 7-ல் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் சான்றிதழின் முன்னோட்டம் தெரியாமல் போகிறது. புது ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய பிரவுசருக்கு ஏற்ப மாற்றித் தரும் பேபல் போன்ற கருவியில் எந்த பிரவுசர் வரைக்கும் வேண்டும் என்று நீங்கள் எழுதுகிற ஒரு வரியும், விட்டுப்போனதை நிரப்பும் ஒரு பாலிஃபில்லும் இதில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

அதைவிடச் சரியான வழி, ஃபார்மை வெறும் ஹெச்டிஎம்எல் ஃபார்மாகவே எழுதுவது. பட்டனை அழுத்தினால் சர்வருக்குப் போகட்டும், தவறு இருந்தால் சர்வரே அடுத்த பக்கத்தில் சொல்லட்டும். அதன்மேல் ஜாவாஸ்கிரிப்ட்டை வசதிக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு இப்படித்தான் எழுதச் சொல்கிறது. அவர்கள் 2013-ல் தங்கள் தளத்தில் கணக்கெடுத்தபோது 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை, அதில் அதை அணைத்து வைத்தவர்களும் அது தெரியாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் மொத்தப் பேரில் 0.2 சதவீதம்தான், மீதி 0.9 சதவீதம் பேருக்கு வழியில் ஏதோ காரணத்தால் போய்ச் சேரவில்லை. அங்கேயே அப்படி என்றால், மழை பெய்தால் சிக்னல் விட்டுப்போகிற பீஞ்சமந்தை மலையில் எப்படி இருக்கும்? பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடருக்கும் இந்த மாதிரி ஃபார்ம்தான் சுலபம்.

தமிழையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பியில் லதா, 7-ல் அதோடு விஜயா, 8-லிருந்து நிர்மலா என்று விண்டோஸிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. அப்படியிருக்க நாலு தடிமனில் நாலு எழுத்துரு இறக்கி, அது வந்து சேரும் வரை எழுத்தையே மறைத்து வைப்பது எதற்கு? அறிவிப்பைப் படமாகப் போடுவது அதைவிட மோசம், பெரிதாக்கினால் மங்குகிறது, தேடினால் கிடைக்காது.

"பாதுகாப்பு என்ன ஆவது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். இணைப்பைப் பூட்டும் முறையான டிஎல்எஸ்ஸில் பழைய 1.0-ஐத் திறந்து வையுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. அதை 2020-ல் பெரிய பிரவுசர்கள் எல்லாம் மூடின, மூடியது சரி. எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 வைத்து யாரும் பட்டா மாற்ற வேண்டாம், அப்படிக் கொண்டு வருகிறவர்களுக்கு நானே லினக்ஸ் போட்டுத்தான் அனுப்புகிறேன். ஆனால் டிஎல்எஸ் 1.2 பேசத் தெரிந்த பிரவுசர் வந்து நிற்கும்போது, அதன் பெயரையும் எண்ணையும் பார்த்துவிட்டு "உங்கள் பிரவுசரை அப்டேட் செய்யவும்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. அப்டேட் அவர்களுக்கு வராது. வருவதற்கு இருந்தால் அவர்கள் என் கடைக்கு ஏன் வருகிறார்கள்?

போனில் போட்டுக்கொள்ளலாமே என்றும் சொல்வீர்கள். போனும் பழசுதான் சார், ஆண்ட்ராய்டு 7-க்கு குரோம் 119-தான் கடைசி. புது போன் வைத்திருந்தாலும், பத்து ஆவணத்தை இத்தனை கேபிக்குள் சுருக்கி ஏற்றச் சொல்லும்போது பெரிய திரையும் மவுசும் வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் சென்டருக்குப் போய் வரிசையில் நின்று, அந்த நாள் கூலியை விட்டுவிட்டு, ஃபார்ம் போட இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு மெஷின் இருக்கும்போது இது எதற்கு?

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்குத் தகுதியில்லாத நல்ல நல்ல மெஷின்கள் இனிமேல் வரிசையாக வரும். கழிவைக் கொட்டிவிட்டு நிலத்தடி நீரைப் பறிகொடுத்ததை ராணிப்பேட்டையில் பார்த்தவர்கள் நாங்கள். ஓடுகிற மெஷினைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை.

அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை: அடுத்த டெண்டரில், 2 ஜிபி ராம் உள்ள மெஷினில், குரோம் 109-லும் ஃபயர்பாக்ஸ் 115-லும், மெதுவான இணைப்பில் ஒரு விண்ணப்பத்தை முதல் பக்கத்திலிருந்து ரசீது வரை நிரப்பிக் காட்டிய பிறகே பணம் என்று எழுதுங்கள். பிரவுசரின் எண்ணைப் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்றும் சேருங்கள். செஷன் நேரத்தைக் கூட்டுங்கள், நிரப்பியது அழியாமல் பாதியில் சேமிக்க விடுங்கள்.

இன்ஜினியர்களே, சோதிக்க உங்கள் அலுவலகத்தில் பழைய மெஷின் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது. வேலூர் வழியாக வரும்போது குடியாத்தம் வந்து போங்கள், மேஜையைக் காலி செய்து தருகிறேன். உங்கள் தளம் எந்த வரியில் நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்