வானியல் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை: ஜவ்வாது மலையில் புதுக் கேமரா

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தை விடியற்காலையில் கிழக்கே பார்த்தோம். ஜனவரியில் செவ்வாய் பூமிக்கு நெருங்கி வந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் காட்டினோம். வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கும் ஒரே மாலையில் தெரிந்த அந்த வாரங்களில் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அம்மா தனியே வாசிப்பார்கள்.

சென்ற பொதுக்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கையிலிருக்கும் நிதியில் 8 அங்குலத் தொலைநோக்கி வாங்குவதா, தன் சென்சாரைத் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) தானே குளிர்விக்கும் வண்ணக் கேமரா வாங்குவதா என்பது கேள்வி. நான் தொலைநோக்கிக்குத்தான் கை தூக்கினேன். பெரும்பான்மையோர் கேமரா என்றீர்கள். நீங்கள் எடுத்த முடிவே சரி என்பதை இந்த ஆண்டு நேரில் கண்டேன். அதனால் இவ்வறிக்கையின் பெரும்பகுதியை அந்தக் கேமராவுக்கே ஒதுக்குகிறேன்.

நம் பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றும் சாதாரணப் புகைப்படக் கேமரா) படங்களில் சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள் மண்டிக் கிடக்கும். வானம் சரியில்லை, ஊர் வெளிச்சம் மலை வரைக்கும் வருகிறது என்றே இத்தனை வருடமும் சொல்லிவந்தோம். உண்மையில் பாதிக் குற்றம் நம் இரவுச் சூட்டின் மேல். சென்சார் சூடாக இருந்தால், வெளிச்சமே படாத இடத்திலும் எலெக்ட்ரான்கள் தாமாகச் சேரும். ஏறத்தாழ 6, 7 டிகிரி ஏறுவதற்குள் அது இரண்டு மடங்காகிவிடும். தொடர்ந்து படம் எடுக்கும் டிஎஸ்எல்ஆரின் உள்ளே 30 டிகிரி சர்வசாதாரணம். புதுக் கேமராவில் அந்தச் சூட்டை மைனஸ் 5-க்கு இறக்கினால், புள்ளிகளாகத் தெரியும் அந்த இரைச்சல் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. இன்னொன்றும் உண்டு. ஹைட்ரஜன் வாயு வீசும் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைச் சாதாரணக் கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி தடுத்துவிடும். வானப் படத்துக்கென்றே செய்த கேமராவில் அந்தத் தடை இல்லை.

நாம் வாங்கியதில் இருப்பது சோனியின் ஐஎம்எக்ஸ்533 சென்சார். 3008-க்கு 3008 பிக்சல், அச்சு அசல் சதுரம்.

நவம்பர் நடுவில் கேமரா வந்து சேர்ந்தது. டிசம்பர் 1 அமாவாசைக்கு மலையேறத் திட்டமிட்டிருந்தோம். அதற்கு முந்தைய இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்த முகாமைக் கைவிட்டு, முடிந்த உறுப்பினர்கள் நிவாரண வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு மன்றத்தின் நன்றி.

ஆகவே கேமராவுக்கு உண்மையான முதல் இரவு ஜனவரி 29, தை அமாவாசை. காலையில் தர்ப்பணம் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை அறுத்த கொல்லை ஒன்றில் கூடினோம். 80 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கி, 480 மில்லிமீட்டர் குவியத் தூரம். தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சுழற்றும் மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை வைத்துத்தான் சரிசெய்வோம். நம் அட்சரேகையில் அது பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தக் கொல்லையில் வடக்கே மலைச்சரிவு அதை முழுதாக மறைத்துவிட்டது. முன்பெல்லாம் இதற்கே இரண்டு மணி நேரம் போகும். இம்முறை மூன்று இடங்களில் படம் எடுத்து, நட்சத்திரங்களை வைத்தே அச்சைக் கணக்கிடும் மென்பொருளால் இருபது நிமிடத்தில் மவுண்டைச் சரியாக நிலைநிறுத்தினோம்.

முதல் இலக்கு ரோசெட் நெபுலா என்னும் வாயு மேகம். தை மாதத்தில் பத்து மணி சுமாருக்கு நம் தலைக்கு நேர் மேலே வரும். அதன் அகலம் 1.3 டிகிரி, நம் சதுரத்தில் அடங்குவது 1.35. முதல் மூன்று நிமிடப் படம் மடிக்கணினியில் விரிந்தபோது, வாசல் அளந்து போட்ட கோலம்போல அந்தச் சிவப்பு வளையம் ஓரம் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. பல படங்களை ஒன்றாக அடுக்கவில்லை, திருத்தவில்லை, ஒற்றைப் படம். நிலத்துக்கார அம்மா எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "இது மேலதான் இருக்குதா? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். 5,000 ஒளியாண்டுத் தூரத்து வாயு அது, வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாது என்று தலைவர் ஐயா பொறுமையாகச் சொன்னார். அந்த அம்மா அண்ணாந்தபடியே இருந்தார்.

பதினொரு மணிக்குமேல் திரையில் மைனஸ் 5 என்றிருந்தது மைனஸ் 3 ஆனது. பிறகு பூஜ்யம், பிறகு 4. கேமராவில் பழுது என்று பயந்துவிட்டோம். பழுது பேட்டரியில். குளிர்விப்பான் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். நாம் கொண்டுபோனது மவுண்டுக்கு மட்டும் போதுமான ஸ்கூட்டர் பேட்டரி. அண்ணன் ஒருவர் பேசாமல் எழுந்துபோய், கீழே நின்ற டிராக்டரின் பேட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்துவந்தார். பொழுது விடியும்வரை அது தாங்கியது.

இரண்டு மணிக்கு அடுத்த தடங்கல். படத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மங்கின. மேகம் இல்லை. சிவப்பு டார்ச்சை அடித்துப் பார்த்தால் முன் லென்ஸ் முழுக்கப் பனி, குளிர்ந்த மோர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம்போல. அன்று எடுத்த படங்களில் கடைசி 18 வீண். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றிப் பட்டையைப் பிப்ரவரியில் வாங்கிவிட்டோம். மலைக்குப் போகும் எவரும் இனி அதை மறக்க வேண்டாம்.

கிழக்கு வெளுத்ததும் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துத் தொலைநோக்கி வாயில் இழுத்துக் கட்டி, தூசி நிழல்களை நீக்க உதவும், ஒளி சீராகப் படும் பிளாட் படங்களை எடுத்தோம். சென்சார் மேல் இருந்த தூசிகள் சின்னச் சின்ன வளையங்களாக அதில் தெரிந்தன. மூடியைப் போட்டு எடுத்து, சென்சாரின் இரைச்சலைக் கழிக்கப் பயன்படுத்தும் இருட்டுப் படங்கள் விஷயத்தில்தான் பெரிய நிம்மதி. டிஎஸ்எல்ஆரில் சூடு ஏறி இறங்கும் என்பதால் அந்தந்த இரவே மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் செலவழிப்போம். இப்போது மார்ச் இரவின் 24 டிகிரியிலும் எட்டக்கூடிய மைனஸ் 5-ஐ ஆண்டு முழுமைக்கும் நிலையாக வைத்துக்கொண்டு, 40 இருட்டுப் படங்களை வீட்டிலேயே பகலில் எடுத்துச் சேமித்திருக்கிறோம். அமாவாசை இரவில் ஒரு மணி நேரம் மிச்சமாவது நமக்கு எவ்வளவு பெரிது என்பது மலையேறியவர்களுக்குத் தெரியும்.

குறையையும் சொல்லவேண்டும். சென்சார் சிறியது. ஆண்ட்ரோமெடா அண்டத்தின் நீளம் 3 டிகிரி. நம் சதுரத்துக்குள் அதன் பாதிகூட வராது. பழைய கேமராவை விற்றுவிடலாம் என்று இரு உறுப்பினர்கள் எழுதித் தந்த யோசனையைச் செயற்குழு ஏற்காததற்கு இதுவே காரணம். அதன் சென்சார் அகலத்தில் புதியதைப்போல் இரண்டு மடங்கு. கார்த்திகைக் கூட்டத்துக்கும் ஆண்ட்ரோமெடாவுக்கும் அதுவே நல்லது.

மார்ச் 29 அமாவாசையன்று இரவு ஒரு மணிக்குமேல் ஒமேகா சென்டாரியைப் பிடித்தோம். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாய்த் திரண்ட கூட்டம். லண்டனில் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை; நமக்குத் தெற்கே 30 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. நடு மையம் வெளுத்துவிடாமல் இருக்க 30 விநாடிப் படங்களாக எடுத்து, சிரில் மென்பொருளில் அடுக்கினோம். கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்து அதைச் செய்து முடித்தாள். மையம் வரைக்கும் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரிந்து நிற்கிறது. மண்டப வாசலில் மாட்டியிருக்கிறோம், கிட்டே போய்ப் பாருங்கள்.

1960-களில் வானியலாளர் வைணு பாப்பு காவலூரைத் தேடி வந்தது இந்த மலையின் இருட்டுக்காகத்தான். அங்கே இன்று அவர் பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. மலைப்பாதையில் மூடாக்கு இல்லாத வெள்ளை எல்இடி விளக்குகள் கூடிவருவது மனதை உறுத்துகிறது. குளிர்விப்பான் சூட்டைத்தான் போக்கும், அந்த வெளிச்சத்தை என்ன செய்யும்? விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. வெளிச்சம் தரைக்கு மட்டும் விழும்படி மூடி போடுங்கள் என்று ஊராட்சிகளுக்கு மனு கொடுக்கத் தீர்மானம் ஒன்றை இன்று முன்மொழிகிறேன். கூடவே 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வாங்கவும் அனுமதி கேட்கிறேன். அடுத்த முறை அண்ணன் டிராக்டரை நிறுத்திவிட்டு வரவேண்டாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்