எழுதிய நிரல் அடுத்தவர் கணினியிலும் ஓட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைத்தான் மொழியைக் கற்றுத்தரும் தொடர்கள் தமிழ் நாளிதழ்களின் கணினிப் பக்கங்களில் வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பெரும்பாலான தொடர்கள், நிரல் ஒருமுறை சரியாக ஓடியதும் முடிந்துவிடுகின்றன. எழுதியவர் கணினியில் ஓடுவதை அடுத்தவர் கணினியிலும் ஓடவைப்பது தனி வேலை. புதிதாகக் கற்பவர்கள் மனம் சோர்ந்து விட்டுவிடுவதும் இந்த இடத்தில்தான். அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

சி, கோ, ரஸ்ட் போன்ற மொழிகளில் கம்பைலர் நிரலை இயங்கு கோப்பாக மாற்றிவிடும். பல நேரம் அந்த ஒரு கோப்பை அனுப்பினாலே போதும். பைத்தானில் நான்கு பொருள்கள் சேர்ந்து போக வேண்டும்: நாம் எழுதிய நிரல், அதை இயக்கும் சரியான பதிப்புப் பைத்தான், நிரல் நம்பியிருக்கும் லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்), படம், சொற்பட்டியல் போன்ற தரவுக் கோப்புகள். நான்கில் எது விடுபட்டாலும் எதிர்முனையில் பிழைச் செய்திதான் வரும். நிரல் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று பதில் வருவது இதனால்தான்.

முதலில் தொடங்க வேண்டியது மெய்நிகர் சூழலில், அதாவது ஒரு வேலைக்கான லைப்ரரிகளை மட்டும் தனியே வைத்துக்கொள்ளும் கோப்புறையில். அதை அமைக்கும் 'வென்வ்' கருவி 3.3 பதிப்பு முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் வாங்கவோ தேடவோ வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சூழல் என்று வைத்துக்கொண்டால், நிரலுக்கு எந்த லைப்ரரி உண்மையில் தேவை என்பது தெளிவாகத் தெரியும். எல்லாவற்றையும் கணினியின் பொதுப் பைத்தானில் போட்டு வைத்திருப்பவருக்கு அது கடைசிவரை தெரியாது. டெபியன் 12 போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் பொதுப் பைத்தானில் 'பைப்' என்ற நிறுவும் கருவி மூலம் லைப்ரரியைச் சேர்க்க முயன்றால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்துவிடும். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற தெரிவைச் சேர்த்தால் அந்தத் தடை விலகும் என்று இணையத்தில் பலர் சொல்லித்தருகிறார்கள். தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சிலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றுக்குத் தேவையான லைப்ரரியின் பதிப்பை நாம் மாற்றினால் அவை நின்றுபோகலாம்.

இன்னொன்று. மெய்நிகர் சூழலின் கோப்புறையை அப்படியே சுருக்கி அனுப்பக் கூடாது. அதற்குள் இருக்கும் கட்டளைக் கோப்புகளில் உங்கள் கணினியின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். வேறு கணினியில், ஏன், அதே கணினியில் வேறு கோப்புறைக்கு நகர்த்தினால்கூட, அவை பழைய இடத்தைத் தேடிப்போய்த் தோற்கும். சூழலை அனுப்ப வேண்டியதில்லை. அதைத் திரும்பக் கட்டுவதற்கான பட்டியலை அனுப்பினால் போதும்.

அந்தப் பட்டியலுக்கு இன்றைய இடம் 'பைப்ராஜெக்ட் டாம்ல்' என்ற கோப்பு. இங்கே பழைய பாடங்களைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து பைத்தானோடு வந்துகொண்டிருந்த, நிரலைக் கட்டிப் பகிர உதவும் 'டிஸ்ட்யூடில்ஸ்', 2023 அக்டோபரில் வெளியான 3.12 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அதே பதிப்பிலிருந்து புதிய மெய்நிகர் சூழலில் அதே வேலைக்கான 'செட்டப்டூல்ஸ்' தானாக நிறுவப்படுவதும் நின்றது. பத்தாண்டுக்கு முன் எழுதிய வழிகாட்டியை வரிக்கு வரி பின்பற்றுபவர் இன்று முதல் படியிலேயே தடுக்கி விழுவார். தவறு அவருடையது அல்ல.

பைப்ராஜெக்ட் கோப்பில் பெயர், பதிப்பு எண், குறைந்தபட்சப் பைத்தான் பதிப்பு, தேவையான லைப்ரரிகள் ஆகியவற்றை எழுதினால் பெரும்பாலான வேலை முடிந்தது. அதில் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். நிரலுக்குள் அழைக்கும் பெயரும் நிறுவும்போது கொடுக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிரலில் 'பிஐஎல்' என்று அழைப்பதை நிறுவும்போது 'பில்லோ' என்று கேட்க வேண்டும். 'யாம்ல்' என்பது 'பையாம்ல்', 'சிவி2' என்பது 'ஓப்பன்சிவி-பைத்தான்'. பிரபலமான பெயர்களை ஒத்த பெயர்களில் தீங்கு செய்யும் லைப்ரரிகளைப் பதிவுசெய்து காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஊகித்து ஒரு பெயரை நிறுவுவது ஆபத்து.

இரண்டாவது, பதிப்பு எண்ணை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பது. நீங்கள் தருவது மற்ற நிரலர்கள் பயன்படுத்தும் லைப்ரரி என்றால், குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்லிவிட்டு மேலே திறந்து விடுங்கள். ஒரே எண்ணில் பூட்டினால், உங்களுடையதும் வேறொரு லைப்ரரியும் ஒரே சூழலில் சேர்ந்து வாழ முடியாமல் போகும். நேராகப் பயனர் ஓட்டும் செயலி என்றால் இதற்கு நேர்மாறு: எல்லாவற்றையும் துல்லியமான எண்ணில் பூட்டி, முடிந்தால் ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்) சேர்த்துப் பதிந்து வையுங்கள்.

அடுத்து, கட்டுவது, அதாவது நிரலைப் பகிரக்கூடிய கோப்பாக்குவது. 'பில்ட்' கருவியை ஓட்டினால் இரண்டு கோப்புகள் வரும். ஒன்று நாம் எழுதிய மூல நிரலைக் கொண்ட மூலக் கட்டு, மற்றது நேராக நிறுவத் தயாரான 'வீல்'. வீல் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். பெயரின் ஈற்றை மாற்றித் திறந்து பார்க்கலாம். வெளியிடுமுன் ஒவ்வொரு முறையும் பார்க்கத்தான் வேண்டும். அதிகம் விடுபடுவது தரவுக் கோப்புகள். நிரல் கோப்புகள் தானாகச் சேர்ந்துவிடும், ஆனால் பக்கத்திலிருக்கும் படமும் சொற்பட்டியலும் சில கருவிகளில் நாம் சொன்னால்தான் சேரும். எழுதியவர் கணினியில் இந்தக் குறை தெரியாது. பைத்தான் முதலில் நடப்புக் கோப்புறையில் தேடுவதால், நிறுவியதை விட்டுவிட்டு மூலக் கோப்புறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நிரலை 'எஸ்ஆர்சி' என்ற உட்கோப்புறைக்குள் வைக்கச் சொல்வது இதைத் தவிர்க்கத்தான். சோதனையும் எளிது: புதிய மெய்நிகர் சூழல், வேறு கோப்புறை, அதில் வீலை நிறுவி ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தரவுக் கோப்பை வெறும் பெயர் சொல்லித் திறப்பதும் இதே வகைத் தவறு. பயனர் எந்தக் கோப்புறையில் நின்று நிரலை ஓட்டுகிறாரோ அங்கேதான் பைத்தான் தேடும்; நிரல் இருக்கும் இடத்தில் தேடாது. 'இம்ப்போர்ட்லிப்' தொகுதியில் உள்ள 'ரிசோர்சஸ்' மூலம் எடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

முழுக்கப் பைத்தானில் எழுதியதற்கு ஒரே வீல் எங்கும் போதும். உள்ளே சி மொழிப் பகுதி இருந்தால் இயங்குதளம், சிபியு, பைத்தான் பதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பொதுவாகத் தனி வீல் வேண்டும். ஆல்பைன் லினக்ஸில் வேறு சி லைப்ரரி இருப்பதால், வழக்கமான லினக்ஸ் வீல் அங்கே பொருந்தாது. பைத்தானின் புதிய பதிப்பு வந்த சில வாரங்களில் நிறுவ முயல்பவர்களுக்கும் பொருத்தமான வீல் கிடைக்காமல் போகலாம். அப்போது பைப் மூலக் கட்டை எடுத்துக் கம்பைல் செய்ய முயலும். கம்பைலர் இல்லாவிட்டால் நூறு வரிப் பிழையைக் கொட்டும். அந்த நூறு வரியைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஒரு பதிப்பு பின்னால் இருக்கும் பைத்தானைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பைப் லைப்ரரிகளை எடுக்கும் பொதுக் களஞ்சியமான பைப்பிஐயில் ஏற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அதன் சோதனைத் தளமான 'டெஸ்ட் பைப்பிஐ'யில் ஏற்றிப் பாருங்கள். ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை, நீக்கிய பிறகும் மறுபடி பயன்படுத்த முடியாது. பிழை இருந்தால் பதிப்பு எண்ணைக் கூட்டித்தான் ஆக வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் அங்கே இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். கடவுச்சொல், சாவி எழுதிய கோப்பு ஏதும் மூலக் கட்டுக்குள் போய்விட்டதா என்று திறந்து பாருங்கள். போய்விட்டால் நீக்குவது போதாது, அந்தச் சாவியையே மாற்றிவிட வேண்டும். 2024 மார்ச்சில் அம்பலமான, 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் ரகசிய நுழைவழி வைத்த பின்கதவு விவகாரத்தில், தீங்கை இயக்கிவிடும் துணுக்கு எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தது. கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

கட்டளை வரியே தெரியாத பயனருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அவருக்குச் சொடுக்கினால் திறக்கும் ஒன்று வேண்டும். அதற்குப் பலரும் எடுப்பது 'பைஇன்ஸ்டாலர்'. அது பைத்தானையும் லைப்ரரிகளையும் நிரலோடு சேர்த்து மூட்டையாகக் கட்டித் தருகிறது. விண்டோஸுக்கான மூட்டையை விண்டோஸில்தான் கட்ட வேண்டும், மேக்குக்கானதை மேக்கில். லினக்ஸ் என்றால், ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய பதிப்பில் கட்டுங்கள். புதியதில் கட்டியது பழைய 'ஜிலிப்சி'யில் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) ஓடாது. எப்போதும் சுத்தமான மெய்நிகர் சூழலிலிருந்து கட்டுங்கள். இல்லாவிட்டால் நிரலுக்குத் தேவையற்ற பெரிய லைப்ரரிகளும் உள்ளே ஏறி, மூட்டை பல மடங்கு வீங்கலாம்.

ஒற்றைக் கோப்பு வடிவம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தற்காலிகக் கோப்புறையில் தன்னை விரித்துக்கொண்டு பிறகுதான் ஓடும். தொடக்கம் மெதுவாவது அதனால்தான். தன்னையே விரித்து ஓடும் நடத்தை சில வைரஸ் தடுப்பிகளுக்குச் சந்தேகம் தருவதால், குற்றமற்ற நிரலும் தடுக்கப்படுகிறது. கோப்புறை வடிவத்தில் கட்டி, அதை ஒரு நிறுவி மூலம் தருவதே என் பரிந்துரை. முதலில் கட்டளைச் சாளரத்தோடு கட்டிப் பாருங்கள். சாளரம் இல்லாமல் கட்டினால் பிழைச் செய்தி வெளியே தெரியாமல் போகலாம். இயங்கும்போது பெயர் சொல்லி அழைக்கும் லைப்ரரிகளைப் பைஇன்ஸ்டாலர் கண்டுபிடிக்காது. அவற்றை 'மறைந்த இறக்குமதி' என்று நாமே குறித்துத் தர வேண்டும். வேலையைப் பல செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டும் 'மல்ட்டிபிராசஸிங்' பயன்படுத்தும் நிரலில் தொடக்கத்திலேயே 'ஃப்ரீஸ் சப்போர்ட்' அழைப்பை மறந்தால், நிரல் தன்னைத்தானே மறுபடி மறுபடி திறந்துகொண்டே போய்க் கணினியைத் திணறடிக்கும். மூட்டை கட்டினால் நிரல் மறைந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம், உள்ளிருப்பதைப் பிரித்தெடுக்கக் கருவிகள் உண்டு.

தமிழில் எழுதும் நிரலர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸில் சரியாகப் படித்த தமிழ்க் கோப்பு விண்டோஸில் பிழை தருவதும் குப்பை எழுத்தாவதும் உண்டு. கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை) சொல்லாவிட்டால் விண்டோஸில் பைத்தான் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8ஐ எடுக்காமல் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுப்பதே காரணம். 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8தான் இயல்புநிலை என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் இன்னும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும் என்பதால் ஒவ்வொரு கோப்பையும் 'யூடிஎஃப்-8' என்று சொல்லியே திறங்கள். பெயரில் தமிழ் எழுத்தும் இடைவெளியும் உள்ள ஒரு கோப்புறையில் வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

உரிமத்தை யாரும் கடைசியில்கூட நினைப்பதில்லை. எம்ஐடி, பிஎஸ்டி உரிமம் கொண்ட லைப்ரரியை மூட்டைக்குள் வைத்தால் அதன் உரிம வாசகத்தையும் கூடவே தர வேண்டும். சாளரம், பொத்தான் அமைக்க உதவும் 'பைக்யூட்டி', மூலத்தையும் திறந்து தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்திலோ பணம் கட்டிப் பெறும் உரிமத்திலோ வருகிறது. 'பைசைடு' அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்தாலும் பகிரும்போது கடமைகள் வேறு. உங்கள் நிரலில் உரிமக் கோப்பே இல்லாவிட்டால் எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கும். இணையத்தில் மூலத்தைத் திறந்து வைத்திருந்தாலும் சட்டப்படி யாரும் அதைத் தொட முடியாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் பைத்தான் நிரல் அச்சாகும்போது, அதன் தலையில் எந்தப் பைத்தான் பதிப்பு, எந்தெந்த லைப்ரரி என்பதைக் கருத்துரையாகச் சேர்த்து அச்சிடுங்கள். இதற்கென்றே வரையறுத்த வடிவம் ஒன்று இருக்கிறது, ஐந்தாறு வரிதான். 'யூவி', 'பைப்எக்ஸ்' ஆகிய கருவிகள் அதைப் படித்து, தனிச் சூழல் அமைத்து, தேவையானதை நிறுவி, நிரலை ஓட்டிவிடும். செய்தித்தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் மாணவர் லைப்ரரி தேடி அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்