"காதுல எதுவும் மாட்டக்கூடாது" ரூல் பத்தி ஏற்காடு ரைடு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயித்துக்கிழமை ஏற்காடு சைக்கிள் ரைடு நடத்துற அண்ணன்களுக்கும் அக்காங்களுக்கும் வணக்கம்ங்க.

"இனிமே காதுல யாரும் எதுவும் மாட்டக்கூடாது, மாட்டுனா அடிவாரத்துலயே திருப்பி அனுப்பிருவோம்"னு குரூப்ல போட்டிருந்தீங்க. ஏன் போட்டீங்கன்னு புரியுது. பின்னாடி பஸ்காரரு ஹாரன் அடிச்சு ஓஞ்சு போற வரைக்கும் நடு ரோட்டுல ஆடிக்கிட்டே போன தம்பிய எல்லாருந்தான் பாத்தோம், ரெண்டு காதுலயும் ரப்பர் வச்ச இயர்பட்ஸ். அதுக்கு தடை போடுங்க, மொதல்ல நானே கை தூக்கறேன். ஆனா அதே ரூல்ல, எலும்பு வழியா சத்தத்த அனுப்பற போன் (bone) கண்டக்‌ஷன் ஹெட்போனையும் சேத்து கட்டிட்டீங்க, ஹேண்டில்பார்ல ஸ்பீக்கர் மாட்டிட்டு வர்றவர விட்டுட்டீங்க. அங்கதான் இடிக்குது.

போன் கண்டக்‌ஷன் காதுக்குள்ள போறதே இல்லைங்க. ஷாக்ஸ் மாதிரி கம்பெனிங்க விக்கற இந்த வகை ஹெட்போன் எல்லாம் காதுக்கு முன்னாடி, கன்னத்து எலும்பு மேல உக்காந்து அதிருது, அந்த அதிர்வு மண்டை எலும்பு வழியா உள்காதுக்கு போயிருது, காது ஓட்டை அது பாட்டுக்கு திறந்தே கெடக்கு. மேல இருந்து எறங்குற பஸ் வளைவுக்கு முன்னாடி அடிக்கற ஹாரன், பக்கத்துல வர்றவரு "கார் கார்"னு கத்தறது, எஸ்டேட் ஓரம் காட்டெருமை காஞ்ச சருகுல நடக்கற சத்தம், எல்லாம் வழக்கம்போல வரும். நடுக்காதுல கோளாறு இருக்கறவங்க நெறைய பேருக்கு சாதா ஹெட்போன விட இதுலதான் தெளிவா கேக்கும்னும் சொல்லி வைக்கறேன்.

இதுக்கு மாத்தா சிலர் "ஒத்த காதுல மட்டும் இயர்பட் போட்டுக்கறேன்"னு வர்றாங்க பாருங்க, அது எனக்கு பிடிக்கல. சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மூளை கண்டுபிடிக்கறதே ரெண்டு காதுக்கும் வந்து சேர்ற நேரத்துலயும் அளவுலயும் இருக்கற சின்ன வித்தியாசத்த வச்சுதான். ஒண்ண அடைச்சுட்டா லாரி வருதுன்னு தெரியும், முன்னாடியா பக்கத்துலயான்னு கொழப்பம் ஆயிரும். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோட்டுல அந்த கொழப்பம் வேணாம்ங்க. டிரான்ஸ்பரன்சி மோடுன்னு ஒண்ணு சொல்றாங்க, வெளி சத்தத்த மைக்ல புடிச்சு உள்ள விடுமாம், சரிதான், ஆனா காத்தடிச்சா மைக்ல "புர்ர்ர்"னு ஒரே எரைச்சல், சார்ஜ் போச்சுன்னா வெறும் அடைப்பான்.

அதுக்காக போன் கண்டக்‌ஷன் போட்டா தப்பே நடக்காதுன்னு நான் சொல்ல வரல. காது திறந்திருந்தாலும் பாட்டும் ஹாரனும் கடைசில போய் சேர்றது ஒரே உள்காதுக்குத்தான், பாட்ட ஏத்தி வச்சா மெல்லிசா வர்ற சத்தம் அமுங்கிப் போகும். இதுல பாஸ் (bass, பாட்டுல வர்ற கனமான அடி சத்தம்) வேற சப்புன்னு இருக்கும், அதுக்கு ஈடு கட்டறேன்னு வால்யூம ஏத்துவாங்க, கன்னம் கிச்சுக்கிச்சு மூட்டற அளவுக்கு அதிரும். காதுல மாட்டல, அதனால செவிக்கு கேடில்லன்னு ஒரு நெனப்பு வேற ஓடிட்டு இருக்கு, உள்காதுக்கு எந்த வழியா வந்தாலும் சத்தம் சத்தம்தாங்க.

முக்கியமா எறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கிக்கிட்டு நடக்கற வேகத்துக்கு கொஞ்சம் மேலதான் போறோம், காத்து சத்தமே இருக்காது, மெதுவா ஒரு பாட்டு ஓடுனா கால் வலி மறக்கும். எறங்கும்போது வேகம் 40ஐ தாண்டுனாலே காத்து காதுல அடிக்குது, பாட்டு கேக்காது, கேக்கலன்னா கை வால்யூம் பட்டனுக்கு போகும், அந்த கை இருக்க வேண்டிய எடம் பிரேக்கு. அதனால எறக்கத்துல போன் கண்டக்‌ஷன் உள்பட எல்லாத்தையும் ஆஃப் பண்ண சொல்லுங்க, அதுல சலுகையே வேணாம்.

பிரிட்டன்ல வண்டி ஓடற ரோட்டுல நடக்கற ஓட்டப்பந்தயத்துக்கு 2016ல இதே பஞ்சாயத்து வந்துச்சு, மத்த ஹெட்போனுக்கு தடை போட்டவங்க போன் கண்டக்‌ஷன தனியா விட்டுட்டாங்க. அவங்க ரூல நாம அப்படியே எடுத்துக்கணும்னு இல்ல, காத அடைக்குதா இல்லையான்னு பாத்து பிரிச்சாங்க பாருங்க, அந்த ஒரு விஷயம் போதும். பைக்ல மார்ஷலா வர்றவங்க ஹெல்மெட் இன்டர்காம்ல பேசிட்டுதான வர்றாங்க, அத யாரும் கேக்கலையே.

ஆக நான் கேக்கறது, காத அடைக்கற எதுவும் கூடாது, ஒத்த காதுக்கும் சேத்து. திறந்த காது மாடல்னா ஏத்தத்துல மட்டும் ஓகே, பக்கத்துல வர்றவரு சாதாரணமா பேசுனா கேக்கணும், கேக்கலன்னா குறைக்கணும். அடிவாரத்துல டயர் காத்து செக் பண்ற நேரத்துலயே ஒருத்தர் பின்னாடி நின்னு பேர் சொல்லி கூப்ட்டு பாத்தா முடிஞ்சுது. மேல ஏரிகிட்ட காப்பி குடிச்சுட்டு கெளம்பும்போது எல்லாரும் கழட்டி பையில போட்டுரணும்.

அப்புறம் அந்த ஸ்பீக்கர். காதுல எதுவும் மாட்டல, அதனால உங்க ரூல்படி அவரு சரி. ஆனா அவரு பாட்டு அவருக்கு மட்டுமா கேக்குது, சுத்தி வர்ற பத்து பேருக்கும் பஸ் ஹாரன மறைக்குது, காலங்காத்தால குருவி சத்தம் கேக்கலாம்னு வந்தவங்களுக்கும் குத்துப்பாட்டுதான். அதையும் ரூல்ல சேருங்க. அவருகிட்ட யார் போய் சொல்றதுங்கறத மட்டும் அட்மின்களே பாத்துக்கங்க, வயசுல மூத்தவரு, எங்களால வாய தொறக்க முடியல.