மாணவர் பக்கத்தில் வெளியான சூரியன் பற்றிய குறிப்புத் தொடர்பாக

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான ஞாயிற்றுத் தொகுதி பற்றிய குறிப்பில், சூரியன் எரிந்துகொண்டிருக்கும் வாயுக்கோளம் என்றும், அதிலிருந்து முன்னொரு காலத்தில் பிய்ந்து வந்த துண்டுகள் ஆறியே பூமி முதலிய கோள்கள் உண்டாயின என்றும் எழுதப்பட்டிருந்தது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இவ்விரண்டு கூற்றுகளும் திருத்தப்பட வேண்டும் எனக் கருதுகிறேன்.

துண்டு பிய்ந்த கதை அறிவியலாளர்களே ஒரு காலத்தில் நம்பியதுதான். சூரியனுக்கு அருகாகச் சென்ற வேறொரு விண்மீனின் ஈர்ப்பு, சூரியனிலிருந்து பொருளை இழுத்தெடுத்தது என்று ஜேம்ஸ் ஜீன்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். ஆனால் அவ்வளவு வெப்பமான வாயு திரண்டு கோளாகாமல் வெளியிற் சிதறிப்போய்விடும் என்பதை லைமன் ஸ்பிற்சர் 1939இல் கணக்கிட்டுக் காட்டிய பின் அக்கொள்கை நிலைக்கவில்லை. இதற்கு இன்னொரு சான்று நம் கண்முன்னேயே கிடக்கிறது. பார ஐதரசனாகிய டியூட்டீரியம் சூரியனின் உட்புற வெப்பத்தில் அழிந்துவிடுவது. அப்படியிருக்க, கல்லடிக் கரையில் அள்ளும் கடல்நீரிற்கூட ஏறத்தாழ 6,400 ஐதரசன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் அது இருக்கிறது. பூமி சூரியனின் துண்டாக இருந்தால் இது எங்கிருந்து வந்தது?

சூரியனும் கோள்களும் ஒரே வாயு, தூசு முகிலிலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில், அதாவது சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகின. 1969இல் மெக்சிக்கோவில் விழுந்த அலெண்டே போன்ற விண்கற்களின் மிகப் பழைய மணிகளிலுள்ள கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களை அளந்தே இந்த வயது பெறப்பட்டது. தன் ஈர்ப்பால் ஒடுங்கிய முகில், ஒடுங்க ஒடுங்க வேகமாகச் சுழன்று தட்டையாகியது. பொருளின் 99 சதவீதத்துக்கும் அதிகமான பங்கு நடுவிற் சேர்ந்து சூரியனாக, எஞ்சிய தட்டிலிருந்து கோள்கள் திரண்டன. ரோகிணி இருக்கும் இடப விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓர் இளம் விண்மீனைச் சுற்றி இத்தகைய தட்டு இருப்பதை, சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கி 2014இல் வளைய வளையமாகப் படம்பிடித்தது.

அடுத்தது எரிதல். தகனத்துக்கு ஒட்சிசன் வேண்டும் என்பதைக் கீழ்வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்து, வேண்டிய ஒட்சிசனும் கிடைத்திருந்தாலும், இப்போது வெளிவிடும் வீதத்தில் அது சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து முடிந்திருக்கும். உண்மையில் ஏறத்தாழ 150 இலட்சம் பாகை வெப்பமுள்ள அதன் மையத்தில் ஐதரசன் கருக்கள் நான்கு, படிப்படியாக இணைந்து ஓர் ஈலியக் கருவாகின்றன. இப்படி ஒவ்வொரு செக்கனிலும் சுமார் 60 கோடி தொன் ஐதரசன் மாறும்போது ஏறத்தாழ 40 இலட்சம் தொன் திணிவு சக்தியாக வெளிப்படுகிறது. ஆர்தர் எடிங்டன் 1920இல் ஊகித்த இதனை, ஹான்ஸ் பெத்தே 1930களின் இறுதியில் அணுக்கருத் தாக்கங்களின் வரிசையாக வகுத்துக் காட்டி 1967இல் நோபல் பரிசு பெற்றார். இந்த இணைவு எவ்வளவு மந்தமானது என்பது பலருக்கு வியப்பளிக்கும்: ஒரு கிலோகிராமுக்கு எவ்வளவு வெப்பம் என்று பார்த்தால், மனித உடல் சூரியனை விடப் பல ஆயிரம் மடங்கு அதிகம் வெளிவிடுகிறது. சூரியனின் வலு அதன் பருமனில் இருக்கிறது; அந்த மந்தமே அது இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் நிலைக்கக் காரணம்.

வரும் இதழொன்றில் திருத்தத்தை வெளியிடுவதுடன், தீச்சுவாலையிலிருந்து துண்டுகள் பறப்பதாக வரைந்த அந்தப் படத்துக்குப் பதிலாக வாயுத் தட்டின் படமொன்றையும் சேர்த்தால், சுவரிலுள்ளதை மாற்றி ஒட்ட ஆசிரியர்களுக்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.