நிலத்தடியில் காபன்: முதலில் நம் பாறையைச் சோதிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அனல்மின் நிலையங்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டை நிலத்தடியில் சேமிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, ஐஸ்லாந்தின் வெற்றியை இலங்கைக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கிறது. அங்கு 2012இல் நீரில் கரைத்துச் செலுத்திய வாயுவில் 95 சதவீதத்துக்கும் மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லானதற்குக் காரணம் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட் பாறை. அதிலிருந்து கரையும் கல்சியமும் மகனீசியமும் வாயுவைக் காபனேற்று என்ற திண்மக் கனிமமாகப் பிணைக்கின்றன. புத்தளம் முதல் யாழ்ப்பாணம் வரை நமக்குள்ளதோ சுண்ணாம்புக்கல். அது அமில நீரில் கரையுமே தவிர, வாயுவை நிரந்தரமாகப் பூட்டாது. யாழ்ப்பாண மக்களின் குடிநீரும் அதற்குள்தான் இருக்கிறது.

தென் கரையோர உஸ்ஸங்கொடவில் காணப்படும் சேர்பென்டினைட் போன்ற மகனீசியம் செறிந்த பாறைகளே ஆராயத்தக்கவை. ஆனால் இத்தகைய ஆய்வுக்குப் பொறுமையும் கருவியும் வேண்டும். பாறையையும் வாயு கரைந்த நீரையும் 100 பார் அமுக்கத்தில் (வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ நூறு மடங்கு) வைத்திருக்கும் கலத்திலிருந்து எடுத்த நீர் மாதிரியைச் சிறிது நேரம் திறந்து வைத்தாலே வாயு வெளியேறி, பீ.எச். உயர்ந்து (அமிலத்தன்மை குறைந்து), காபனேற்று குப்பியிலேயே படிந்துவிடுவதை ஆய்வுகூடத்தில் காண்கிறோம். கரைசலில் கல்சியம் குறைந்திருப்பதைப் பார்த்து, பாறைக்குள் கனிமமாகிவிட்டதென்று தவறாக முடிவுகட்ட இதுவே போதும். மாதிரியை உடனே வடிகட்டி, உலோகங்களை அளக்கும் பங்குக்கு, அவை படிந்துவிடாதிருக்க, நைத்திரிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஆகவே, துளையிடும் திட்டத்துக்கு முன்பாக, பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையில் இத்தலைப்பில் பட்டப்பின்படிப்பு ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு மூன்றாண்டு நிதியும் ஓர் உயர் அமுக்கக் கலமும் அரசு வழங்கட்டும்.

– புவியிரசாயன ஆய்வாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06