சீரியலைத் திட்டுங்கள், பார்ப்பவரை விட்டுவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சீரியல் பார்த்தால் மூளை மழுங்கிவிடும் என்று ஒருவர் எழுதிய கடிதத்தைப் போட்டிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து பதில் எழுதக் கை பரபரத்தது. சீரியலை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், நானே திட்டுவேன். ஒரு அதிர்ச்சிச் செய்தி வந்தால் போதும், கூடத்தில் நிற்கிற அத்தனை பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டிவிட்டு 'தொடரும்' போட்டுவிடுவார்கள். மருமகளை அறைவதைப் பாசம் மாதிரி காட்டினால் அதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தில் சீரியலைப் பற்றி இரண்டே வரி, மீதியெல்லாம் பார்க்கிறவர்களின் அறிவைப் பற்றித்தான். விமர்சனமா இது? சுத்த இளக்காரம்.

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துணி மடித்துக்கொண்டே அரைமணி நேரம் பார்க்கிறவருக்கு அந்த மூன்று தடவை முகம் காட்டுவதுதான் வசதி. எப்போது நிமிர்ந்தாலும் அதே முகம் இருக்கும், கதை தவறாது. இது தெரியாமல்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா?

அப்புறம், அதே அழுகை, அதே பழிவாங்கல், அதே சொத்துச் சண்டை வெளிநாட்டு வெப் சீரிஸில் சப்டைட்டிலோடு வந்தால் மட்டும் விடிய விடியப் பார்த்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வீட்டில் இருக்கிற பெண்களும் வயதானவர்களும் பார்த்தால்தான் மூளை மழுங்குமாம்! நாவலும் ஒரு காலத்தில் இதே வசவை வாங்கியதுதான். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நாவல் படித்தால் இளம்பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பயந்தவர்கள் நிறைய. இன்றைக்கு நாவல் படித்தால் அறிவாளி.

சரி, அந்த உயர்ந்த ரசனையாவது முழுக்க நம்முடையதா? 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனை வெளியானது. பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்தார்கள். சிலரை எந்தத் தகவலும் இல்லாமல் கேட்கவிட்டார்கள், பாட்டின் தரத்துக்கு அவர்கள் தேர்வுதான் அளவுகோல். மற்றவர்களை எட்டுக் குழுவாகப் பிரித்து, அவரவர் குழுவில் முன்னால் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை தடவை டவுன்லோடு செய்தார்கள் என்று காட்டினார்கள். ஒரு குழுவில் மேலே ஏறிய பாட்டு இன்னொரு குழுவில் கீழே கிடந்தது. ரொம்ப நல்லவை அபூர்வமாகத்தான் தோற்றன, ரொம்ப மோசமானவை அபூர்வமாகத்தான் ஜெயித்தன, அதனால் தரம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை முன்னால் வந்த நாலு பேர்தான் எழுதியிருக்கிறார்கள்.

சீரியலைக் கிழிக்கிற கடிதம் இனியும் வந்தால் தாராளமாகப் போடுங்கள். எந்தக் காட்சி, எந்த வசனம், ஏன் மோசம் என்று எழுதச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி