புண்ணு ஆறிடுச்சுன்னா நோயும் போயிடுச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மருத்துவப் பக்கத்துல சுகர், பிரஷர், தைராய்டுன்னு எல்லாத்தையும் விலாவாரியா போடுறீங்க, ஆனா பால்வினை நோய்னு வந்தா மட்டும் எய்ட்ஸ் பத்தி நாலு வரியோட முடிச்சுடுறீங்க, அது எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கு. சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, ட்ரைக்கோமோனியாசிஸ் இந்த நாலும் மருந்துலயே குணமாகுற நோய்ங்க. அப்படி இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2020ல மட்டும் இந்த நாலும் சேர்ந்து புதுசா 37 கோடி தடவைக்கு மேல தொத்தியிருக்கு. காரணம் என்னன்னா, முக்கால்வாசி வெளியில ஒண்ணுமே தெரியாது.

சிஃபிலிஸையே எடுத்துக்குங்க. மொதல்ல ஒரு சின்னப் புண்ணு வரும், வலிக்காது, அரிக்காது, உள்பக்கமா வந்தா கண்ணுக்கும் படாது, மூணுலேர்ந்து ஆறு வாரத்துல தானா ஆறிடும். அப்பாடா சரியாப் போச்சுன்னு விட்டுடுவாங்க. கிருமி ரத்தத்துலயே இருக்கும், அப்புறம் உள்ளங்கை உள்ளங்கால்ல தடிப்பு வரும், அதுவும் தானா மறையும், பல வருஷம் கழிச்சு மூளையையோ இருதயத்தையோ பிடிச்சிக்கும். கர்ப்பமா இருக்குறவங்களுக்கு இருந்தா குழந்தை வயித்துலயே இறந்துபோகக் கூட வாய்ப்பு இருக்கு. இத்தனைக்கும் விடிஆர்எல்னு ஒரு சாதாரண ரத்த டெஸ்ட்ல கண்டுபிடிச்சிடலாம், ஆரம்பத்துலன்னா ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும்!

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். ஒருத்தர் மட்டும் மருந்து எடுத்து பிரயோஜனம் இல்ல, கணவருக்கு எரிச்சல்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்குவாரு, மனைவிக்கு ஒண்ணும் இல்லையேன்னு விட்டுடுவாங்க, ஆனா அவங்களுக்கு உள்ளுக்குள்ள கிளமிடியா இருந்து கருக்குழாய் அடைச்சிக்கிட்டு இருக்கலாம், அவருக்கும் திரும்பத் தொத்திக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து டாக்டர்கிட்ட போகணும், டாக்டர் சொல்ற வரைக்கும் உடலுறவு வச்சுக்காம இருக்கணும். இன்னிக்கு ரிப்போர்ட்ல வந்திருக்குன்னா நேத்து வந்ததுன்னு சொல்ல முடியாதுங்க, பல மாசமா, ஏன் வருஷக்கணக்கா கூட சத்தமில்லாம இருந்திருக்கலாம், அதனால ரிப்போர்ட்ட வச்சு சந்தேகப்பட்டு ஒரு பொண்ண வீட்ட விட்டு அனுப்புறது பெரிய கொடுமை.

காண்டம் சரியா போட்டா பெரும்பாலும் தடுக்கும், அதுல எண்ணெய், வாசலின் தடவினா கிழிஞ்சிடும். ஹெர்பிஸ், எச்பிவிங்குற ரெண்டு வைரஸும் தோல் பட்டாலே தொத்துறதால அதுக்கு முழு பாதுகாப்பு கிடையாது. எச்பிவிக்கும் ஹெபடைடிஸ் பிக்கும் தடுப்பூசி இருக்கு, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இந்த எச்பிவிதான் காரணம்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கு ஊசி போட தயங்கவே மாட்டாங்க. எச்ஐவி தொத்தியிருக்குமோன்னு பயம் இருந்தா, அந்தத் தொடர்பு நடந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்குற தடுப்பு மாத்திரையும் இருக்கு, இது பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு பால்வினை நோய் டாக்டர வச்சு வாரம் ஒரு கேள்வி பதில் போடுங்க. பேரு போடாம கேள்வி அனுப்பலாம்னு சொன்னீங்கன்னா கூச்சப்படாம கேப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி